தாத்தாவின் கடைசிப் பிள்ளை

என் பெரியப்பா மகனும், இன்று காலை பதினொன்றரை மணியிலிருந்து எனக்கு மகன் முறை ஆகிவிட்டவனுமான உனக்கு, உன் சித்தப்பா மனமார ஆசீர்வதித்து எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் சித்தியும் நலம். சித்தி யார் என்று விழிக்காதே, என் மனைவிதான். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டியது முறை, கேட்டுவிட்டேன். இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி. வேண்டாம், நின்றுகொண்டே படி. இனி அதுதான் முறை.

நீ என்னைவிடப் பதினோரு நாள் மூத்தவன் என்று ஒரு கதை நம் குடும்பத்தில் அறுபத்தொன்பது வருஷமாக நடமாடுகிறது. கதை என்றுதான் சொல்வேன், அதை எழுத்தில் பார்த்தவர் ஒருவருமில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது வாத்தியார் சோம்பல்பட்டு நம் இருவருக்கும் ஒரே தேதியைப் போட்டுவிட்டார், அதனால் அதுவும் உதவாது. அந்தப் பதினோரு நாளுக்காக நான் போட்டதெல்லாம் உனக்குச் சின்னதாகிப்போன சட்டை. போட்டோ எடுத்தால் நீ நாற்காலியில், நான் நாற்காலிக்குப் பின்னால். ஏணியில் ஏறுவது நீ, கீழே நின்று பிடித்துக்கொள்வது நான், விழுந்தால் மட்டும் "தம்பி சரியாப் பிடிக்கல." நான் உன்னை ஒரு நாளும் அண்ணா என்று கூப்பிட்டதில்லை, கவனித்திருப்பாய். "இந்தா பாரு", "ஏம்ப்பா", "உன்னைத்தான்" என்றே ஆயுசை ஓட்டிவிட்டேன்.

இது இப்படியே போயிருக்கும். உன் மகள்தான் வம்சாவளிப் படம் வரைந்து, வீட்டுக்கு ஒன்றாக அச்சடித்துக் கொடுக்கப் போகிறாள் என்று தெரிந்தது. அதில் உன் பெயர் முதலில், என் பெயர் அதற்கு அடுத்து, சின்ன எழுத்தில். ஒரு தடவை சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டால் பேரன் பேத்தி காலத்துக்கும் நான் தம்பிதான். உடனே போன் போட்டேன். "ஆதாரம் இருந்தா குடுங்க சித்தப்பா, மாத்திடுறேன். அடுத்த வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது" என்றாள். நான் மூத்தவன் என்றால் என்னைப் பெரியப்பா என்றல்லவா கூப்பிட வேண்டும், அதையும் சொன்னேன். "அதுக்கும் ஆதாரம் வேணும் சித்தப்பா" என்றாள். உன் மகள்தான், சந்தேகமே வேண்டாம்.

ஆதாரம் தேடிக் கிளம்பினேன். இவ்வளவு பெரிய நகரத்து மாவட்டத்தில் பிறந்தது நம் தப்பு. சின்ன ஊராக இருந்தால் ஒரு ஆபீஸ், ஒரு பீரோ, ஒரு சாவி. இங்கே பிறப்பு இறப்புப் பதிவுக்கு மட்டும் ஆறு ஆபீஸ். வடக்கு ஆபீசில் இரண்டு மணி நேரம் டோக்கனோடு உட்கார்ந்த பிறகு, "உங்க தெரு தெற்கு ஆபீஸ்" என்றார்கள். தெற்கு ஆபீசில், "தெருவுல ஒற்றைப்படை வரிசைதான் எங்களுக்கு, இரட்டைப்படை வடக்கு" என்றார்கள். "எங்க வீடு பதினேழு, அப்ப உங்களுக்குத்தான்" என்றேன். "அது பழைய நம்பரா, புது நம்பரா?" என்றார் அந்த எழுத்தர். "வீடே இப்ப இல்லைங்க, செருப்புக் கடை இருக்கு" என்றேன். "அப்ப செருப்புக் கடை நம்பரைப் பார்த்துட்டு வாங்க." போனேன். நம்பர் பலகையைப் பார்க்க விட்டால்தானே? விற்பனையாளர் கையைப் பிடித்து உட்கார வைத்து, "உங்க பாதத்துக்கு அகலம் வேணும்யா" என்று நாலு ஜோடி மாட்டிவிட்டார். கடை நம்பர் நாற்பது. இரட்டைப்படை. மறுபடி வடக்கு. வடக்கில் யோசித்துப் பார்த்துவிட்டு, "அறுபது வருஷத்துக்கு மேலன்னா இங்க இருக்காதே, தலைமை ஆவணக் காப்பகம், ஏழாவது மாடி" என்றார்கள். இதை முதல் நாளே சொன்னால் அவர்கள் வாய் என்ன தேய்ந்தா போகும்?

ஏழாவது மாடிக்கு லிப்ட் ஓடவில்லை. "பழுது" என்று அட்டை தொங்கியது, அட்டையிலேயே தூசி. முப்பத்தைந்து வருஷம் லிப்ட் மெக்கானிக்காக இருந்தவன் படியேறிப் போனேன் என்று நாளைக்கு யாராவது சொன்னால் எனக்கு அவமானம். காவலரிடம் சாவி வாங்கி மெயினை அணைத்துவிட்டுப் பார்த்தேன். ஒன்றுமில்லை, கதவு மூடினால் கரண்ட் சேருகிற காண்டாக்டில் அழுக்கு. கைக்குட்டையால் துடைத்தேன், ஓடியது. எனக்கு யாரும் கற்றுக்கொடுத்த தொழில் இல்லை, உனக்குத் தெரியும். நீ பெரிய படிப்புக்குப் போனாய், நான் பழுதான லிப்டுகளையே புத்தகமாகப் படித்தேன். அதன் பலன் என்னவென்றால், மூன்று மாதமாகப் படியேறி மூச்சு வாங்கிய ஏழாவது மாடி எழுத்தர் அம்மா எனக்குத் தனி மேஜையும் மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலியும் போட்டுக்கொடுத்தார்.

"குழந்தை பேர் என்னங்க?" என்றார். "நான்தாம்மா குழந்தை" என்றேன். சிரிக்கவில்லை, தினமும் இந்தப் பதிலைக் கேட்கிறார் போல. "பேரை வச்சுத் தேட முடியாதுய்யா. பேர் வைக்கிறதுக்கு முன்னாடியே பதிஞ்சிருவாங்க. வெறும் ஆண் குழந்தைன்னுதான் இருக்கும்." அந்த மாதத்தில் மட்டும் இந்த மாவட்டத்தில் ஆயிரத்து இருநூறு வெறும் ஆண் குழந்தைகள். நாலு நாள், பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஆண் குழந்தையாகத் தள்ளினேன். பக்கத்து மேஜையில் ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர். அங்கே எல்லாரும் அவரை 'தாத்தா தேடி' என்று கூப்பிடுகிறார்கள், அவரும் கோபித்துக்கொள்வதில்லை. மூன்று வருஷமாகத் தன் தாத்தாவைத் தேடுகிறார். "போன மாசம்தான் அவருக்கு ரெண்டாவது சம்சாரம் ஒண்ணு இருந்தது தெரிஞ்சுது. போதும், இதுக்கு மேல தேடாதீங்கன்னு வீட்ல கையெடுத்துக் கும்பிடுறாங்க" என்றார்.

இன்று காலை பதினொன்றரைக்கு எழுத்தர் அம்மாவே ஓடி வந்தார். "இந்தா இருக்குய்யா! பழைய நம்பர் பதினேழு. நாலாம் தேதி. ஆண் குழந்தை." நாலாம் தேதி! வீட்டில் உனக்கு நாலு, எனக்குப் பதினைந்து என்றுதானே சொல்லி ஏமாற்றி வந்தீர்கள்? அந்த மாதம் பூராவும் நம் வீட்டுக்கு அது ஒரே ஒரு பதிவு, அது நான்தான். உன் பதிவு எந்தப் பக்கத்திலும் இல்லை. நீ பிறந்ததற்கு அரசாங்கத்திடம் அத்தாட்சியே கிடையாது, இதற்காக மனதைப் போட்டு வருத்திக்கொள்ளாதே. அடுத்த கட்டத்தில் தகப்பனார் பெயரைப் படித்தார். அது நம் தாத்தாவின் பெயர். "அம்மா, அது எங்க தாத்தா" என்றேன். "இங்க அப்பான்னு இருக்கேய்யா." "அப்பா இல்லம்மா, தாத்தா!" "பதிய வந்தது அவரா இருக்கும். பேர் என்னன்னு கேட்டிருப்பாங்க, தன் பேரைச் சொல்லியிருப்பார்." சொல்லியிருப்பார்தான், யாரைப் பற்றி எவன் கேட்டாலும் தன் பெயரைச் சொல்கிற மனுஷன்தானே அவர்? "மனு குடுத்தா திருத்திடலாம்" என்றார் அந்த அம்மா. வாங்கி எழுத ஆரம்பித்தேன். பாதி எழுதும்போது பேனா தானாக நின்றது. ஏன் திருத்த வேண்டும்? சட்டம் என்றால் சட்டம். அரசாங்கப் பதிவேட்டின்படி நான் நம் தாத்தாவின் மகன். அதாவது உன் அப்பாவுக்குத் தம்பி. அதாவது உனக்குச் சித்தப்பா! அண்ணன் பதவிக்கு அலைந்தவனுக்குச் சித்தப்பா பதவி. பதிவின் நகலை வாங்கிக்கொண்டு, மனுவை மடித்துப் பையில் வைத்தேன். தாத்தா தேடி எழுந்து வந்து கை கொடுத்தார். "ஒரே காலையில ஒரு தலைமுறை மேல போயிட்டீங்களே, குடுத்து வச்சவர்" என்றார்.

வீட்டுக்கு வந்து இவளிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் விரல் விட்டு எண்ணினாள். "அப்போ நீங்க உங்க அம்மாவுக்குக் கொழுந்தன். நான் உங்க அம்மாவுக்கு ஓரகத்தி. இது தெரியாம முப்பது வருஷம் மாமியார் மாமியார்னு பயந்து செத்தேனே! சரிக்குச் சரி நின்னு ஒரு சண்டையாவது போட்டிருப்பேனே!" என்றாள். அவள் வருத்தம் நியாயமானது, ஆனால் காலம் கடந்துவிட்டது.

ஆகவே உன் மகளிடம் சொல். படத்தில் என் பெயர் உன் அப்பாவும் என் அப்பாவும் இருக்கிற மேல் வரிசையில், அவர்களுக்குப் பக்கத்தில் வர வேண்டும். என் அப்பாவுக்குப் பக்கத்திலேயே நான் தம்பியாக நிற்பது பார்க்கக் கொஞ்சம் ஒரு மாதிரி இருக்கும், பரவாயில்லை, பழகிவிடும். இனிமேல் அவள் என்னைச் சின்னத் தாத்தா என்று கூப்பிடட்டும். நீ என்னைப் பார்த்தால் எழுந்து நின்றால் போதும், காலில் விழ வேண்டாம், உன் முழங்கால் எனக்கும் முக்கியம். அந்தக் காலத்துச் சட்டை சமாசாரங்களை எல்லாம் நான் மன்னித்துவிட்டேன். சித்தப்பாவுக்கு மனசு பெரிதாக இருக்க வேண்டும். நீயும் உன் மனைவி மக்களும் நோய் நொடியில்லாமல், பெரியவர்கள் சொல்கேட்டு, நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும் என்று வாழ்த்தும்,

உன் அன்புச் சித்தப்பா.

பின்குறிப்பு: உறையில் போட எடுத்தபோது இவள் நகலைக் கேட்டாள். பதிவேடு இரண்டு பக்க அகலம், அதனால் நகலும் இரண்டு தாள். தகப்பனார் பெயரைக் கண்ட சந்தோஷத்தில் நான் இரண்டாவது தாளைப் பார்க்கவே இல்லை. இவள் பார்த்தாள். "பிறந்த இடம்: பிரசவ ஆஸ்பத்திரி, மூன்றாவது வார்டு" என்று உரக்கப் படித்து, தாளை என் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் மருத்துவச்சி வந்து சேருவதற்குள் வீட்டிலேயே பிறந்தவன், இது எல்லாருக்கும் தெரியும். ஆஸ்பத்திரியில் பிறந்தது நம் வீட்டில் ஒருவர்தான். ஆகவே அந்த ஆண் குழந்தை நீங்கள். அத்தாட்சி இல்லாதவன் நான். எட்டுப் பக்கம் எழுதியதைக் கிழிக்க மனம் வரவில்லை, 'நீ' வருகிற இடத்தில் எல்லாம் 'நீங்கள்' என்று திருத்திப் படித்துக்கொள்ளவும். சட்டம் என்றால் சட்டம் என்று நான் எழுதியது எழுதியதுதான், அதிலிருந்து பின்வாங்க மாட்டேன். ஆனால் அந்தச் சட்டப்படி உங்களைச் சித்தப்பா என்று கூப்பிடுவதற்கு என் உடம்பில் தெம்பில்லை. எனவே அந்தத் திருத்த மனுவை இத்துடன் வைத்திருக்கிறேன். பாக்கிப் பாதியையும் நானே எழுதிவிட்டேன். பெருக்கல் குறி போட்ட இடத்தில் குழந்தை கையெழுத்துப் போட்டு அனுப்பினால், ஏழாவது மாடிக்கு நானே கொண்டு போய்க் கொடுத்துவிடுவேன். படம் வரைந்தபடியே அச்சுக்குப் போகட்டும். கையெழுத்தை மட்டும் மறந்துவிடாதீர்கள், அண்ணா.