அஞ்சு சீசா மருந்து, அஞ்சு சீசா தண்ணீர்

"இருபது பேர் குடிச்சா. இருபது பேருக்கும் ஏழே நாள்ல குணமாயிடுத்து. இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும்?" என்றான் பராசரன்.

"குடிக்காதவனுக்கு எத்தனை நாள்ல குணமாச்சுங்க?" என்றார் சென்னிமலை.

பராசரன் கையிலிருந்த மருந்துச் சீசாவை அவர் முன்னால் நீட்டினான்.

அது ஐம்பத்தேழாம் வருஷம். மைசூர் முழுக்க புளூ காய்ச்சல். ரசாயனம் படித்த பராசரன், அந்தக் கிருமியையே கொல்லும் மருந்தைக் காய்ச்சிவிட்டதாகச் சொன்னான். கம்பெனி தொடங்க இரண்டாயிரம் ரூபாய் கேட்டு, மண்டி மொஹல்லாக் கடைவீதிப் புளி வியாபாரி சென்னிமலையிடம் வந்திருந்தான். சொந்தக் கிடங்கு வாங்க அவர் பன்னிரண்டு வருஷம் வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம் அது.

மூட்டை வாயிலிருக்கும் புளியைப் பார்த்து அவர் விலை சொன்னதே கிடையாது. அடிவரைக்கும் கைவிட்டுப் பார்ப்பார்.

"எங்கிட்ட மூட்டை தூக்கறவங்க பத்துப் பேரு காய்ச்சல்ல கெடக்கறாங்க. அஞ்சு பேருக்கு உங்க மருந்து, அஞ்சு பேருக்கு வெல்லத் தண்ணி. யாரு முதல்ல எந்திரிக்கறான்னு பாத்துப்போட்டுச் சொல்றேன்."

மறுநாளே அவர்கள் படுத்திருந்த வாடகைப் புளிக் கிடங்கில் சண்டை.

"அவனுகளுக்குக் கசப்பு, எங்களுக்கு இனிப்பா? எங்களை என்ன கொழந்தைன்னு நெனச்சீங்களா?" என்று தண்ணீர்க்காரர்கள் ஐவரும் கத்தினார்கள்.

"வேப்பிலையை அரைச்சு அந்தத் தண்ணியில ஊத்து" என்றார் சென்னிமலை, மனைவியிடம்.

கமலம்மாளுக்கு எதையும் கொஞ்சமாகச் செய்யத் தெரியாது. மூன்று பேர் வாந்தி எடுத்தார்கள். மருந்துக்காரர்கள் படுத்தபடியே சிரித்தார்கள். வாந்தி எடுத்தவர்களில் ஒருவன் அவர்கள் மேல் சொம்பை வீசினான்.

இரண்டு கட்சியையும் பிரித்துவிட்டால் தீர்ந்தது என்று, மருந்துக்காரர்கள் ஐவரையும் பக்கத்து மிளகாய்க் கிடங்குக்கு மாற்றினார். அங்கே போன நிமிஷத்திலிருந்து தும்மல். யாருக்கு எத்தனை தும்மல் என்று எண்ணப் போன சென்னிமலையும் பதினாறு தும்மல் போட்டுவிட்டு வெளியே ஓடி வந்தார்.

"இது கிருமித் தும்மலா, மொளகாய்த் தும்மலான்னு எப்படிடி கண்டுபிடிக்கறது?"

"உங்களுது எந்தத் தும்மலுங்க?" என்றாள் கமலம்மாள்.

வேறு வழியில்லை. பத்துப் பேரையும் பழையபடி புளிக் கிடங்கிலேயே போட்டார். யாருடையது எது என்று தெரியாதிருக்க, சீசாக்களுக்கெல்லாம் ஒரே சாக்குத் துணியைச் சுற்றினார். இந்த யோசனை பராசரனுக்கே வந்திருக்காது என்று அவருக்குப் பெருமை.

நாலாம் நாள் காலையில் கிடங்கைத் திறந்தார். ஐந்து பேர் எழுந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து பேர் முனகிக்கொண்டு கிடந்தார்கள்.

எழுந்த ஐவரும் மருந்துக்காரர்கள்!

கணக்கில் ஒருவன்கூடப் பிசகவில்லை. சென்னிமலை உடனே ஆள் அனுப்பிப் பராசரனை வரவழைத்தார். இரண்டாயிரத்தை எண்ணிக் கொடுத்துப் கூட்டு வியாபாரப் பத்திரத்தில் கையெழுத்தும் போட்டார். பராசரன் கண் கலங்கி அவரைக் கட்டிக்கொண்டான். பணத்தோடு அடுத்த ரயிலில் பெங்களூருக்கு மிஷின் வாங்கப் போய்விட்டான்.

மண்டி முழுக்க மைசூர்பாகு கொடுத்தார் சென்னிமலை. எழுந்த ஐவரில் ஒருவனான லிங்கப்பனுக்கு இரண்டு துண்டு.

"நாலே நாள்ல எந்திரிச்சுப்புட்டியேடா லிங்கப்பா! என்ன மருந்துடா அது!"

"எனக்கெப்படிங்க தெரியும்? நாங்க குடிக்கலைங்களே."

"குடிக்கலையா? அப்ப மருந்தெல்லாம் எங்கடா போச்சு?" என்றார் சென்னிமலை.

"துணி சுத்துனா வாடை போயிருங்களா? அந்த அஞ்சு பேரும் எங்களைவிட மோசமாக் கெடந்தானுக. பாவமேன்னு எங்க மருந்தையெல்லாம் அவனுகளுக்குக் குடுத்துப்போட்டு, அவனுக வேப்பந்தண்ணியை நாங்க குடிச்சோமுங்க" என்ற லிங்கப்பன், மைசூர்பாகை வாயில் போட்டுக்கொண்டு சொன்னான்: "அந்த மருந்தோட வேகம் எறங்கட்டுமுங்க, அவனுகளும் எந்திரிச்சுருவானுக."