ஞாயிற்றுக்கிழமைக் கடல்

பயந்தாங்கொள்ளியிடம் இடம் தேடும் வேலையைக் கொடுத்தால், சண்டைக்கு ஆளில்லாத இடத்தைத்தான் தேடுவான். சாட்சிக்கு வெளியே போக வேண்டாம், நானே இருக்கிறேன்.

கோவில்பட்டி வட்டாரத்தில் காற்றாலைக்கு நிலம் பார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தவன் நான். கரிசலில் ஒரு காற்றாடி நட நினைத்தால் போதும், பங்காளிகள் படையாக வரப்பில் வந்து நிற்பார்கள். ஆகவே, கடலுக்குள் காற்றாலை வைக்க இடம் பார்க்கிறோம், கூட வருகிறாயா என்று கம்பெனியில் கேட்டதும் துள்ளிக்கொண்டு போனேன். (கடலில் பங்காளி ஏது?)

ஒரு ஞாயிற்றுக்கிழமை தூத்துக்குடிப் பக்கம் கம்பெனிப் படகில் போய்ப் பார்த்தேன். காற்று பிய்த்துக்கொண்டு அடித்தது. ஆழமும் தோதானதுதான். கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு வள்ளம் இல்லை. 'இங்கே மீன்பிடிப்பு கிடையாது' என்று எழுதிக் கொடுத்துவிட்டு, கரையேறி நிம்மதியாக வாந்தி எடுத்தேன்.

மறுநாள் அந்த இடத்தைப் பார்க்க என் மேலதிகாரி வந்தார். பொறியாளர் அம்மா. போய்ப் பார்த்தால் கடலெங்கும் வள்ளங்கள்! எங்கள் படகின் அடியில் சுழலும் விசிறி ஒருவருடைய வலையில் சிக்கி, வலை கிழிந்து, படகும் நின்றுவிட்டது. சுற்றி வளைத்துவிட்டார்கள்.

நான் என்ன செய்தேன்? உயிர்காப்புச் சட்டைகள் வைக்கும் பெட்டிக்குள் இறங்கி மூடிக்கொண்டேன்.

மூடி திறந்தது.

"ஏலே, இங்கன ஒரு மீன் பேண்ட்டு சட்டை போட்டுல்லா கெடக்கு!" என்றார் வலைக்குச் சொந்தக்காரர். கடலே சிரித்தது. மேடமும் சிரித்தார்.

"நேத்து யாருமே இல்லியே அண்ணாச்சி..." என்று உளறினேன்.

அவர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. "ஞாயித்துக்கிழம நாங்க கடலுக்கு வரமாட்டோம், மாதா கோயிலுக்குப் பூசைக்குப் போவோம். நேத்து எங்க வீடும் பூட்டித்தான் கெடந்துச்சு. ஆளில்லன்னு அங்கனயும் ஒரு காத்தாடி நட்டுருவியளோ?"

சித்திரையில் வெடித்துக் கிடக்கும் எங்கள் கரிசலைப் பார்த்து, 'இங்கே வெள்ளாமையே கிடையாது' என்று ஒருவன் எழுதியிருந்தால் கம்பைத் தூக்கியிருப்பேன். நான் எழுதியதும் அதேதான். அந்த மனிதர்களின் அடுப்பை ஒரு வரியில் அணைக்கப் பார்த்திருக்கிறேன்.

"இந்த இடம் வேண்டாம் மேடம்," என்றேன், பெட்டிக்குள் நின்றபடியே. அவர் வரைபடத்தில் நான் போட்ட குறியை அடித்தார்.

இப்போது மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறோம். போன வாரம் போன வீட்டில் அப்படியொரு அமைதி, அப்படியொரு மரியாதை. திரும்பும் வழியில், "தங்கமான குடும்பம், பேசி முடிச்சிருவமா?" என்றேன்.

மகள் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள். மனைவி மட்டும் முகம் மாறாமல் சொன்னாள்:

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமல்லா. திங்கக்கிழமையும் ஒருக்க போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க."