பீமுக்குப் போக மிச்சம்

ஊரில் யார் வேண்டுமானாலும் ஏமாறட்டும், தன் வீட்டு பீமுக்கான கான்கிரீட் கணக்கைத் தானே போடுவது என்று ராஜவேலு முடிவெடுத்தார். காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஒப்பந்த வேலையாக ஆறு மாதம் ஹெல்மெட் மாட்டியவர் அவர். ஹெல்மெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கனம் மட்டும் தலையிலேயே தங்கிவிட்டது.

ஏரியைப் பார்த்த மாதிரி இரண்டு அறை வீடு. சுவர் எழும்பிவிட்டது. அதன்மேல் நாலு பக்கமும் பீம், நடுவே குறுக்காக ஒன்று. பொன்னுரங்கம் மேஸ்திரி அண்ணாந்து பார்த்துவிட்டு, "பன்னண்டு மூட்டை சிமெண்ட்டு போதும்ணே" என்றார்.

"அண்ணாந்து பாத்தா மழை வருமான்னு சொல்லலாம் மேஸ்திரி. மூட்டைக் கணக்கு சொல்ல முடியாது" என்று டேப்பை இழுத்தார் ராஜவேலு. நீளத்தை அகலத்தால் பெருக்கினார். அதை உயரத்தால் பெருக்கினார். கடைசியில் மேஸ்திரியைப் பார்த்துப் பரிதாபமாகச் சிரித்தார். "பதினஞ்சு."

கொட்டியிருந்த ஜல்லியையும் மணலையும் பார்த்து அவர் மனைவி செவ்வந்திக்குச் சந்தேகம் வந்தது.

"பீம் இம்மாந்தான் இருக்கு. மலையாட்டம் கொட்டி வச்சிருக்கியே மாமா?"

"அங்கதான் விஷயமே. காஞ்சது நெறைய எடம் அடைக்கும். தண்ணி ஊத்திக் கலந்தா ஜல்லி சந்துல மணலு போய் உக்காரும், மணல் சந்துல சிமெண்ட்டு உக்காரும். சுருங்கிடும். ஒரு பங்கு வேணும்னா ஒண்ணரைப் பங்கு போடணும்."

"கருவாடு காஞ்சாதான் சுருங்கும். இது நனைஞ்சா சுருங்குதா?"

"அதுக்குத்தான் படிக்கணும்றது."

"அப்போ எனக்கு மீன் கழுவ ஒரு மேடை போட்டுக் குடேன். குந்திக் குந்தி முட்டி ரெண்டும் போச்சு."

"பீமுக்கே பத்தாதுடி."

"மிச்சமானா?"

"ஆவாது."

"ஆனா?"

"ஆனா நீயே வச்சுக்கோ, போ!"

"மேஸ்திரிண்ணே, கேட்டுக்கினியா?" என்றாள் செவ்வந்தி. அவர் தலையாட்டினார்.

மிச்சமாகும் என்பது ராஜவேலுவுக்குத் தெரியும். இரண்டு பீம் சந்திக்கும் ஒவ்வொரு மூலையையும் இரண்டு பீமின் கணக்கிலும் சேர்த்திருந்தார். போதாததற்கு, சிந்துவதற்கும் சிதறுவதற்கும் என்று தாராளமாகக் கூட்டியிருந்தார். வாசலில் தன் போட் இன்ஜினை வைக்க ஒரு மேடை வேண்டும் என்பது அவர் ஆசை. இன்ஜின் அதில் ஒரு மூலையில்தான் இருக்கும். மற்ற இடத்தில் சாயங்காலம் அவரும் கூட்டாளிகளும் இருப்பார்கள். கேட்டால் செவ்வந்தி விடமாட்டாள். கான்கிரீட்டோ கலந்துவிட்டால் காத்திருக்காது. இறுகுவதற்குள் எங்கே பலகை அடித்துத் தயாராக இருக்கிறதோ அங்கே கொட்டித்தான் ஆகவேண்டும். அந்த அவசரத்தில் யார் விவாதம் செய்வார்கள்? மேடைக்கான பலகைகளை அறுத்து, பழைய வலைக்கடியில் மறைத்து வைத்தார்.

அதற்கடுத்த நாள் செவ்வந்தி ஒரு கயிற்றோடு வந்தாள்.

"நேரா நில்லு மாமா. புது டவுசருக்கு அளவெடுக்கணும்."

இடுப்பில் ஒரு முனையை வைத்து, மறுமுனையைத் தரைவரை இறக்கினாள்.

"டவுசர் முட்டி வரைக்கும்தானே? தரை வரைக்கும் எதுக்கு?"

"தண்ணி பட்டா சுருங்கும்னு நீதானே சொன்னே?"

தன் பாடம் மனைவிக்கு ஏறியிருப்பதில் ராஜவேலுவுக்கு உள்ளூர மகிழ்ச்சி. பின்பக்கம் மேஸ்திரி இரண்டு குட்டைச் சுவர் கட்டியபோதும், "கோழிக்கூண்டுக்கு" என்று அவள் சொன்னதை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டார்.

கான்கிரீட் வெள்ளிக்கிழமை என்று பேச்சு. புதன் சாயங்காலம் செவ்வந்தி வந்து, "கலவை மிஷினு நாளைக்குத்தான் கெடைக்குமாம்" என்றாள்.

ராஜவேலு எழுந்தே நின்றுவிட்டார். "நாளைக்கு என் பாடுடி!"

ஏரியில் எந்த நாள் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்று ஊரே கூடிச் சீட்டுப் போட்டு முறை வைத்திருக்கிறது. அதுதான் பாடு. தன் பாடு வரும் நாளில் போகாதவனுக்கு அந்த முறை போனதுதான். மழைக்கும் கல்யாணத்துக்கும்கூட யாரும் மாற்றிக் கொடுப்பதில்லை.

"தெரியும் மாமா. நீ போய்ட்டு வா. கணக்குதான் போட்டாச்சே. ஊத்தறதுக்கும் படிப்பு வேணுமா?"

மறுநாள் முழுக்க ராஜவேலு தண்ணீரில் இருந்தார். வலைக்குள் இறால் துள்ளியது. அவர் மனம் அதில் இல்லை. இந்நேரம் கலவை ஓடிக்கொண்டிருக்கும். குழைவாக இருக்கும்வரை அது யாருக்கும் சொந்தமில்லை, எந்த வடிவத்துக்கும் சம்மதிக்கும். இறுகிவிட்டால் பிறகு கேள்வியே கிடையாது. கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் வீட்டில் எத்தனை விஷயங்கள், அவர் ஏரியில் இருக்கும்போது இறுகிவிட்டிருக்கின்றன! கூடவே, கூடையில் நண்டைத் தள்ளும்போது, இதையெல்லாம் குந்தி உட்கார்ந்து கழுவுகிற இரண்டு முட்டிகளும் ஞாபகம் வந்தன. நீளம், அகலம், உயரம் எல்லாம் அளந்தவர் அவற்றை அளந்ததில்லை.

கரையேறியதும் வாசலுக்கு ஓடினார். வாசல் மணலாகவே கிடந்தது. பழைய வலையைத் தூக்கினார். பலகை இல்லை.

பின்பக்கம் இருந்தது. கோழிக்கூண்டுச் சுவர்களின் மேல் அவருடைய பலகைகள் அச்சாகப் பொருந்தியிருந்தன. அவற்றின்மேல் கான்கிரீட் மேடை, தண்ணீர் வழிய ஒரு சரிவோடு. கீழே நின்றுகொள்ளத் தளம். எல்லாவற்றின்மேலும் ஈரச் சாக்கு.

"உன் பலகைய அளந்துட்டுத்தான் மாமா சொவரே வச்சோம்" என்றாள் செவ்வந்தி.

"அண்ணே, தப்பா நெனச்சுட்டேன்" என்று மேஸ்திரி கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "உங்க கணக்கு கணக்குதான். பீம் போக இதுக்குக் கரெக்டா இருந்துச்சு. ஒரு சட்டி வீணில்ல."

"அது என் இன்ஜினுக்கு..." என்று தொடங்கிய ராஜவேலு நிறுத்திக்கொண்டார். முழுதாகச் சொன்னால் மூலைகளை இரண்டு முறை எண்ணியதையும் சொல்லவேண்டும்.

"இன்னா மாமா?"

"நல்லா இருக்குன்னேன்."

சொன்னபிறகு யோசித்துப் பார்த்தார். நல்லாத்தான் இருந்தது. போகட்டும், அவள் முட்டியாவது பிழைத்தது. வேண்டுமென்றே கூட்டிப் போட்ட கணக்கு இப்படியொரு நல்ல காரியத்தில் போய் முடிந்ததே என்று அவருக்குத் தன்மேலேயே ஒரு மதிப்பு வந்தது. பெருந்தன்மையாக மேடையருகே போய் நின்றார். அப்போதுதான் கவனித்தார். பக்கத்தில் நின்ற செவ்வந்திக்கு மேடை கிட்டத்தட்ட நெஞ்சுவரை வந்தது.

"செவ்வந்தி, உனக்கு ஒசரமா இருக்கேடி. அளவு தப்பிடுச்சா?"

செவ்வந்தி அவர் கையிலிருந்த நண்டுக் கூடையை வாங்கி, அவர் காலடியிலேயே வைத்தாள்.

"எனக்கு ஒசரம்தான் மாமா. கழுவப் போறது நீ. உன் இடுப்புக்குச் சரியா இருக்கா, பாரு."