ஞாயிற்றுக்கிழமை வேனோடு வரவும்

மரியாதைக்கும் வழுக்கைக்கும் உரிய பெரிய மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கையைக் கட்டிய பஞ்சர் கடைக்காரன் இரண்டு கையையும் துடைத்துவிட்டு எழுதுவது. நீங்களும் அக்காவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் வேன் தள்ளாமலே கிளம்பும் நிலையில் இருக்கிறது என்று அதைவிட அதிகமாக நம்புகிறேன், ஏனென்றால் என் விஷயமே அதில்தான் இருக்கிறது. இங்கே உங்கள் தங்கை சுகம், அவள் வயிற்றில் இருப்பதும் சுகம். நான்தான் சுகமில்லை. போனிலேயே சொல்லலாம். ஆனால் கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர், நான் இந்தப் பக்கம் தும்மினால் அவள் அந்தப் பக்கம் மூக்கைத் துடைப்பாள். அதனால்தான் கடிதம்.

பதினாலு வருடம் கழித்து இது. நடுவில் இரண்டு தடவை தங்காமல் போனது உங்களுக்கே தெரியும், அதை எழுத என் கை வராது. இந்தத் தடவை நாள் தள்ளிப்போனதும் படுத்தவள்தான், கண்ணாடிக் குடத்தை இடுப்பில் கட்டிவிட்ட மாதிரி அசையவே மாட்டேன் என்றாள். ஐந்தாம் மாதம் டாக்டரம்மா அதட்டினார்: "எல்லாம் நல்லா இருக்கும்மா. இப்படிப் படுத்தே கெடந்தாத்தான் கஷ்டம். கொஞ்சம் நடங்க, மெதுவா யோகா பண்ணுங்க." மருந்துக்கடை மாடியில் கர்ப்பிணிகளுக்கென்று வகுப்பு, சனிக்கிழமை வீட்டுக்காரர்களும் வரலாமாம். "நான் எதுக்குங்க?" என்றேன். "தைரியத்துக்கு" என்றார். யாருடைய தைரியத்துக்கு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

முதல் சனிக்கிழமை எட்டுப் பெண்கள், எட்டுப் பாய், ஆம்பிளை என்று நான் ஒருத்தன். டீச்சர் நல்ல பொம்பளை, குரலே தலையணை மாதிரி இருக்கும். கையையும் முழங்காலையும் தரையில் ஊன்றி, பூனை சோம்பல் முறிக்கிற மாதிரி முதுகைத் தூக்கி இறக்கச் சொன்னார். உங்கள் தங்கை முடியாது என்றுவிட்டாள், குழந்தை விழுந்துவிடுமாம். "நான் பண்ணிக் காட்டுறேன் பாரு" என்று நான் குனிந்தேன். "உங்களுக்கென்ன, வயித்துல வெறும் காத்துதானே இருக்கு" என்றாள். பாயெல்லாம் சிரித்தது. மச்சான், அவள் என்னைக் கடைசியாகக் கிண்டல் பண்ணியது அன்றைக்குத்தான். அதற்குப் பிறகு டீச்சர் வேறொன்று சொல்லிக் கொடுத்தார். "அடியில இருக்கிற தசையை இறுக்கிப் புடிங்க, பத்து எண்ணுங்க, விடுங்க." எதைப் பிடிப்பது என்று எனக்கு விளங்கவில்லை. "எதை டீச்சர் புடிக்கணும்?" என்று சத்தமாகக் கேட்டேன். டீச்சர் ஜன்னலைப் பார்த்தார். இவள் கூரையைப் பார்த்தாள்.

அன்றிலிருந்து இவள் முகம் மாறிப்போனது. நான் வாயைத் திறந்தாலே உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்க்கிறாள், எதையோ எண்ணுகிறாள். உங்களைப் பற்றிச் சொன்னேன், நீங்கள் ஸ்டெப்னியை மாற்றப்போய் கழற்றிய டயரையே திரும்ப மாட்டிக்கொண்டு ஊர்போய்ச் சேர்ந்த கதையை. எத்தனை தடவை சொன்னாலும் விழுந்து விழுந்து சிரிப்பாளே, அதற்கும் "போதும், நிறுத்துங்க" என்று எழுந்து போய்விட்டாள். சிரிப்புச் சத்தம் இல்லாத வீட்டில் சுவர்க்கடிகாரம் எவ்வளவு சத்தம் போடுகிறது தெரியுமா?

வயிற்றில் காற்று என்றாளே, காற்றென்றால் அது என் தொழில் அல்லவா என்று யோசித்தேன். ஒரு பழைய ஸ்கூட்டர் டியூபைப் பேட்ச் போட்டு, மடித்து, ஐந்து மாத அளவுக்குக் காற்றடித்து, சட்டைக்குள் கட்டிக்கொண்டு அடுத்த சனிக்கிழமை போனேன். "இப்ப ரெண்டு பேரும் ஒண்ணு, வா" என்று பூனை மாதிரி நின்று காட்டினேன். மச்சான், அவளும் மெதுவாகக் கையை ஊன்றினாள், முழங்காலை ஊன்றினாள், முதுகைத் தூக்கினாள்! எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதோடு நான் வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். கடைசியில் எல்லோரையும் இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, விளக்கை அணைத்து, "உங்க மூச்சை மட்டும் கேளுங்க" என்றார் டீச்சர். எட்டுப் பெண்களும் கேட்டது என் டியூபை. 'புஸ்ஸ்ஸ்ஸ்' என்று நீளமாக, நிற்காமல். இருபது வருடத் தொழிலில் என் பேட்ச் ஒன்று பிரிந்தது கிடையாது. "யாருங்க அது?" என்றார் டீச்சர். "நான் இல்லீங்க, வயிறுங்க" என்றேன். விளக்கைப் போட்டார். எல்லோர் கண் முன்னாலும் ஐந்து மாதம் நாலாகி, மூன்றாகி, ஒன்றுமில்லாமல் போனது. இவள் சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள். இரண்டு தோளும் குலுங்கின. துண்டை வாயில் அமுக்கிக்கொண்டு கழிவறைக்குப் போனவள் கால் மணி நேரம் வரவில்லை. வந்தபோது கண் சிவந்திருந்தது. வழி முழுக்க உதட்டைக் கடித்துக்கொண்டே நடந்தாள். அழவைத்துவிட்டேன் மச்சான்.

நேற்று டாக்டரம்மா கேட்டார்: "வீட்டுல சிரிச்சுப் பேசிக்கிறீங்களா? மனசு லேசா இருக்கணும்." இவள் தரையைப் பார்த்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. என் வாய்தான் அவளுக்கு ஆகவில்லை. முன்னே இரண்டு தடவை போனது யாரால் என்று யாருக்குத் தெரியும். இந்தத் தடவை என்னால் போனது என்று ஆகிவிடக் கூடாது. வரும் ஞாயிற்றுக்கிழமை வேனோடு வந்து அவளை உங்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். பிள்ளை பிறக்கும்வரை நான் அந்தப் பக்கமே வர மாட்டேன், வந்தாலும் வாயைத் திறக்க மாட்டேன். நான் எழுதினேன் என்று சொல்ல வேண்டாம், நீங்களாகக் கூப்பிடுவது மாதிரி இருக்கட்டும்.

அக்காவுக்கு என் வணக்கம். உங்கள் வேனின் நாலு சக்கரத்துக்கும் என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
வாயால் கெட்ட உங்கள் மைத்துனன்

பின்குறிப்பு: வேன் வேண்டாம். கடிதத்தைப் பம்புக்கு அடியில் வைத்திருந்தேன், சாப்பாடு கொண்டுவந்தவள் எடுத்துப் படித்துவிட்டாள். நின்றுகொண்டே படித்தாள். 'நான் இல்லீங்க, வயிறுங்க' வரைக்கும் வந்ததும் கடைச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள் பாருங்கள், தெருவே எட்டிப் பார்த்தது. சிரித்துக்கொண்டே அழுதாள், அப்படியே உள்ளே ஓடினாள். சேலையை மாற்றிக்கொண்டு வந்து சொன்னாள்: "சிரிச்சா ஒண்ணுக்கு நிக்க மாட்டேங்குதுங்க, சொட்டிருது. டீச்சர்கிட்ட கேட்டதுக்கு இந்த மாசத்துல எல்லாருக்கும் அப்படித்தான்னாங்க. அதுக்குத்தான் அந்தப் புடிச்சு விடுறது. ரெண்டு வாரமா நீங்க வாயத் தொறந்தாலே நான் புடிச்சுக்கிட்டு பத்து எண்ணுறேன், நீங்க எங்க எண்ண விடுறீங்க?" முன்னமே சொல்வதற்கென்ன என்றேன். "சொன்னா கடைக்கு வர்றவன் போறவன்கிட்டயெல்லாம் சொல்லுவீங்க, பஞ்சர்க்காரன் பொண்டாட்டியே ஒழுகுறான்னு." செத்தாலும் ஒருத்தரிடமும் சொல்ல மாட்டேன் என்று வயிற்றின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்திருக்கிறேன். சனிக்கிழமைக்கு வேறு டியூப் தயார், காற்றடித்தது அவள்தான். ஆகவே நீங்கள் வர வேண்டாம். ஆனால் வேனில் டீசல் போட்டுவையுங்கள். இந்தப் பின்குறிப்பு அவள் கண்ணில் பட்டால், உங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டியது என்னைத்தான்.