ஆர்.பி.எம். டாக்டர் போட்ட ரேஸ் கேம்

ஸ்ரீரங்கத்தில் பெருமாளுக்கு அடுத்தபடியாக அதிகம் பேர் வாயைப் பிளந்து பார்த்தது ஆர்.பி.எம். டாக்டரைத்தான். பெருமாள் முன்னால் பக்தியில் பிளந்தார்கள். இவர் முன்னால் வேறு வழியில்லாமல். எங்கள் தெருவின் பல் டாக்டர் அவர். சொந்தப் பெயர் வாசல் போர்டில் இருந்தது. யாரும் அதைப் படித்ததாகத் தெரியவில்லை.

கார் எஞ்சின் என்றால் அவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். மனிதர்களையும் எஞ்சினாகத்தான் பார்ப்பார். என் மைத்துனன் காலையில் மந்தமாக இருப்பான், மாலையில்தான் சுறுசுறுப்பாவான் என்று ஒருமுறை சொன்னேன். "அவருக்கு லோ ஸ்பீடுல இழுவை இல்லீங்க. ஹைவே ஆளு. உள்ளூர் வேலை குடுக்காதீங்க" என்றார், மருந்துச்சீட்டு எழுதுகிற முகத்தோடு. இன்னொரு நாள் எங்கள் வீட்டுக்கு வந்தவர், உள்ளே என் மனைவி என்னிடம் பேசிக்கொண்டிருந்த தொனியைக் கேட்டு வாசலிலேயே நின்றார். "ஆறாயிரம் ஆர்.பி.எம். இருக்கும். நான் அப்பறம் வரேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். ஆர்.பி.எம். என்றால் எஞ்சின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்ற கணக்கு. பெயர் அன்றைக்கு விழுந்ததுதான்.

அவரிடம் ஒரு பழைய வெள்ளைக் கார் இருந்தது. நடந்து போகிறவர்கள் அதை முந்திக்கொண்டு போய், மரியாதைக்காக நின்று, அது வந்து சேர்ந்ததும் வணக்கம் சொல்வார்கள். அந்த அவமானம் தாங்காமல், எங்கேயோ அடிபட்ட ஒரு ஜப்பான் காரின் பெரிய எஞ்சினை வாங்கி இதற்குள் வைப்பதென்று முடிவு செய்தார். அரியமங்கலத்தில் பட்டறை வைத்திருக்கும் சூசைதான் மெக்கானிக். எஞ்சின் ஒருவழியாக உள்ளே உட்கார்ந்துவிட்டது. வினை கேம்ஷாஃப்ட் ரூபத்தில் வந்தது.

கேம்ஷாஃப்ட், சுருக்கமாகக் கேம், என்பது வேறொன்றுமில்லை, உடம்பெல்லாம் முட்டை முட்டையாகப் புடைத்திருக்கும் ஓர் இரும்புத் தண்டு. அது சுற்றும்போது அந்தப் புடைப்புகள் வால்வுகளைத் திறந்துவிடும். எஞ்சின் மூச்சு விடும். புடைப்பு சின்னதாக இருந்தால் வண்டி சாதுவாக ஓடும். பெரிதாக இருந்தால் வேகத்தில் பறக்கும். ஆனால் மெதுவாகப் போகும்போது மூச்சுத் திணறி, சாமி வந்த மாதிரி ஆடும். இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியும் என்றால், என் கடைவாய்ப் பல்லில் ரூட் கெனால் செய்துகொண்டே அவர் சொல்லிக்கொடுத்தார்.

சாதுவான கேம் ஒன்று, ரேஸ் கேம் ஒன்று. இரண்டையும் சூசையிடமிருந்து வாங்கி வந்து, பல் பிடுங்கும் குறடுகளுக்குப் பக்கத்தில் டிரேயில் பளபளவென்று வைத்திருந்தார். நாற்காலியில் படுத்த உடனே அதைப் பார்த்த ஒரு தாசில்தார், "இது எந்தப் பல்லுக்கு?" என்று கேட்டுவிட்டு, எழுந்து போனவர் திரும்பி வரவே இல்லை.

எதைப் போடுவது என்று தனியாக முடிவெடுக்க அவருக்குத் தைரியமில்லை. பேஷன்ட்டுகளிடம் ஓட்டெடுப்பு நடத்தினார். வாய்க்குள் கண்ணாடியும் கொக்கியும் பஞ்சும் இருக்கும்போதுதான் கேள்வி வரும்.

"சொல்லுங்க, ரேஸ் கேம்தானே போடணும்?"

"ஆ... ஆ..." என்றேன் நான். ஊசி போட்ட இடம் இன்னும் மரக்கவில்லை என்பது அதன் பொருள்.

"கேட்டீங்களா சிஸ்டர், இவரும் ரேஸ்ங்கறாரு!"

இப்படி ஒரு மாதம் ஓட்டெடுப்பு நடந்தது. ஒருவர்கூட எதிர்த்து ஓட்டுப் போடவில்லை.

சூசை வாயில் மட்டும் கொக்கியும் பஞ்சும் இல்லாததால் அவரால் தெளிவாகப் பேச முடிந்தது. "சார், வேணாம் சார். நாலாயிரம் ஆர்.பி.எம். தாண்டினாத்தான் இது இழுக்கும். உத்திர வீதியில மாடு படுத்திருக்கு, யாத்திரைக்காரங்க நடுரோட்டுல நின்னு கோபுரத்த போட்டோ எடுக்கறாங்க. நாலாயிரத்துக்கு எங்க சார் போவீங்க? கடைசியில டீச்சர் என்னையத்தான் கேப்பாங்க."

"என் பல்லு டிரில்லு மூணு லட்சம் ஆர்.பி.எம். சுத்துது சூசை. ஒரு பல்லுக்கே அவ்வளவு. காருக்கு ஏழாயிரம் கேட்டா குத்தமா?"

சூசை ரேஸ் கேமைக் கையில் எடுத்தார்.

டீச்சர் என்பது டாக்டரின் மனைவி மீனாட்சி டீச்சர். பள்ளித் தலைமையாசிரியை. ரேஸ் கேம் மாட்டி முதல்முறை ஸ்டார்ட் செய்தபோது வண்டி 'டுக்... டுடுக்... டுக்' என்று நின்ற இடத்திலேயே ஆடியது. மாடி வீட்டு அலமாரியிலிருந்து டம்ளர்கள் இறங்கி வந்தன. டீச்சர் வெளியே வந்து வண்டியையும் கணவரையும் மேலும் கீழும் பார்த்தார்.

"ஏங்க, ஞாயித்துக்கிழமை நம்ம தெரு பூத்தட்டு சமயபுரம் அம்மனுக்குப் போகுது. இந்த வண்டியில ஏத்துவோம். வழியில ஒரே ஒரு தடவ தள்ள வெச்சீங்கன்னாலும் திங்கக்கிழமை இது எடைக்குப் போயிடும். சொல்லிட்டேன்."

டாக்டர் தலையாட்டினார். அந்த வாரம் முழுக்க யாருடைய ஆர்.பி.எம்.மையும் அவர் சொல்லவில்லை. பார்க்கவே பாவமாக இருந்தது.

பூச்சொரிதலுக்குப் போகும் ஊர்வலத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது நடை வேகம். அதிலும் கற்பூரம் காட்ட நாலு வீட்டுக்கு ஒருமுறை நிற்கும். ரேஸ் கேமுக்கு இதைவிடக் கொடிய தண்டனை கிடையாது. முன்னால் மேளம், நடுவில் கார், பின்னால் நாங்கள். கார் மேல் செவ்வந்தியும் அரளியும் கூடை கூடையாக. ஸ்டீரிங்கைப் பிடித்தபடி டாக்டர், பக்கத்து சீட்டில் மடியில் மல்லிகைத் தட்டோடு டீச்சர். ஊர்வலம் நிற்கும்போதெல்லாம் வண்டி ஆடிய ஆட்டத்தில் கூடைகளிலிருந்து பூ பொலபொலவென்று கொட்டியது. அம்மனுக்குச் சொரிய வேண்டியதில் பாதியைக் கொள்ளிடம் பாலத்தைத் தாண்டுவதற்குள்ளேயே வண்டி சொரிந்துவிட்டது. எதிரே வந்தவர்கள் இது ஏதோ புது ஏற்பாடு என்று நினைத்து, கார் டயருக்குப் பக்கத்தில் குனிந்து பூவை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

டோல்கேட்டைத் தாண்டினோம். ஒரு பஸ் குறுக்கே வர, ஊர்வலம் நின்றது. 'டுக்... டுடு...' என்றது வண்டி. அப்புறம் டாக்டர் சாவியைத் திருகியும் ஒன்றும் சொல்லவில்லை.

டாக்டரின் கண்கள் கண்ணாடியில் என்னைத் தேடின. ரூட் கெனால் நாற்காலியில் என் கண்கள் இப்படித்தான் இருந்திருக்கும். நான் யோசிக்கவே இல்லை, டிக்கியில் கை வைத்தேன். சூசை பக்கத்தில் வந்து கை வைத்தார். அப்புறம் மளிகைக்கடைக்காரர், என் மைத்துனன், தெருவே வந்தது. யாரும் யாரிடமும் சொல்லவில்லை. "ஓம் சக்தி!" என்று ஒரு குரல், "பராசக்தி!" என்று தள்ளு.

எஞ்சின் சத்தம் இல்லாவிட்டால் டீச்சருக்குத் தெரிந்துவிடும், அதற்கு என்ன செய்வது? சூசை முன்னால் ஓடி மேளக்காரர் காதில் ஏதோ சொன்னார். அவர் மகா கலைஞர். அடித்துக்கொண்டிருந்ததை விட்டுவிட்டு, 'டுக்... டுடுக்... டுக்' என்று வாசிக்க ஆரம்பித்தார். கண்ணை மூடிக் கேட்டால் அசல் ரேஸ் கேம். டாக்டரும் சளைக்கவில்லை. ஆக்சிலேட்டரை மிதிப்பதும் கியரை மாற்றுவதுமாக, "இப்ப செகண்டுக்குப் போறேன் மீனா" என்று சொல்லிக்கொண்டே வந்தார். வெயிலில் எங்கள் நாக்கு தள்ளியது. சமயபுரம் வளைவுக்குள் நுழைந்தபோது, சாதித்துவிட்டோம் என்றுதான் நினைத்தோம்.

டீச்சர் இறங்கினார். தட்டை என் மனைவியிடம் கொடுத்துவிட்டு, பின்னால் வந்து எங்களை வரிசையாகப் பார்த்தார். வராத கூட்டாளிக்காகப் பிராக்சி அட்டெண்டன்ஸ் கொடுக்கும் பையன்களைக் காலமெல்லாம் பிடித்தவர். நாங்கள் தொப்பலாக நனைந்து நின்றோம்.

"டோல்கேட்லேர்ந்து வண்டி ஆடவே இல்ல. ஒரு பூ விழல. எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க?"

டாக்டர் மெதுவாகக் கார் சாவியை எடுத்து மனைவியிடம் நீட்டினார். டீச்சர் அதை வாங்கிக்கொள்ளவில்லை.

"இந்த மனுஷனுக்காக இத்தன பேரு இவ்வளவு தூரம் தள்ளியிருக்கீங்க. ஒருத்தர்கூட நமக்கென்னன்னு நடந்து போகல. இந்த வண்டிய எப்படிங்க எடைக்குப் போடறது? இருக்கட்டும்." பிறகு சூசை பக்கம் திரும்பினார். "அந்த சாது கேம மாட்டிடுங்க சூசை. ஓட்டெடுப்பெல்லாம் வேணாம்."

டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடினார், எங்களுக்கெல்லாம் இளநீர் வெட்டச் சொல்ல.

சாது கேம் மாட்டிய பிறகு கார் ஆடுவதில்லை, நிற்பதில்லை. சத்தமில்லாமல் ஒழுங்காகப் போகிறது. இந்த வருஷமும் பூத்தட்டு அதில்தான் போனது. நாங்கள் எல்லோரும் முன்னால் இடமிருந்தும் காருக்குப் பின்னாலேயே நடந்தோம். எங்காவது ஒரு இடத்தில் நின்றுவிடாதா, அந்த மனுஷனுக்காக இன்னொரு தடவை தள்ள மாட்டோமா என்று எனக்கு ஆசையாகத்தான் இருந்தது.