எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு ஒரு ஓட்டை

போன சனிக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. பாத்ரூம்ல எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டணும்.

புக்கிட் ரம்பாய் குடியிருப்புல ஒட்டி ஒட்டிக் கட்டுன தாமான் வீடு எங்களுது. பாத்ரூமுக்கு ஜன்னலே கிடையாது. சீலிங் பூரா கறுப்பா பூஞ்சை. என் வீட்டுக்காரி கமலா நாலு மாசமா சொல்லிச் சொல்லி ஓஞ்சு போயிட்டா.

"எங்க அண்ணன் வயர்மேன்தானே? டுரியான் துங்கால் இந்தா பக்கத்துலதானே, ஒடனே வந்துடுவாரு. கூப்பிடவா?"

எனக்குச் சுருக்குன்னுச்சு! அந்த மச்சான், கல்யாணமான நாள்லேர்ந்து என்னைப் பல்ப் மாத்தத் தெரியாதவனாத்தான் பாக்குறாரு. எனக்குப் பல்ப் மாத்தத் தெரியாதுங்கிறது வேற விஷயம்.

"ஒரு ஓட்டை போட ஒங்க அண்ணன் வேணுமா? நானே போடுறேன்!"

ஹார்ட்வேர் கடை மொதலாளி, அந்தச் சீனத் தவுக்கே வேற ஏத்தி விட்டாரு. "செனாங் லா, பாஸ்! ரொம்ப ஈசி! ஒரு மணி நேரந்தான்!"

என்னைப் பாஸ்னு கூப்பிட்ட மொத ஆளு அவருதான். அங்கயே விழுந்துட்டேன்.

ஃபேக்டரி கூட்டாளிகிட்ட ட்ரில் இரவல் வாங்கிட்டு வந்தா, கமலா போன்ல அவ அண்ணன்கிட்ட சொல்லிட்டு இருக்கா. ஸ்பீக்கர்ல குரல் வருது.

"மாப்ள, கை வெக்கிறதுக்கு முன்னாடி செவுத்துக்கு அந்தப் பக்கம் போயி ஒரு தடவ பாத்துடுங்க."

"அந்தப் பக்கம் என்னா மச்சான் இருக்கும்? காத்துதான் இருக்கும்!"

போயி பாத்திருக்கலாம். ஆனா அந்தப் பக்கம் லெட்சுமி அக்கா வீடு. அவங்களுக்கும் எங்களுக்கும் ரெண்டு வருஷமா பேச்சே இல்ல.

அவங்க பின்னால கிச்சன இழுத்துக் கட்டுனப்போ, லோரிக்காரன் மணல எங்க கேட்டு வாசல்ல கொட்டிட்டுப் போயிட்டான். அதுவும் தைப்பூசத்தன்னைக்கு! கோயிலுக்குப் போக காடிய வெளிய எடுக்க முடியல. நான் கத்தினேன். அக்கா வீட்டுக்காரரு குணா அண்ணன் கத்துனாரு. அதோட சரி. கிச்சன் முடிஞ்சப்போ தாமான் ஜனமே போயி பாத்துட்டு வந்துச்சு. நாங்க தலையக்கூடத் திருப்பல. ரோஷம்னா அப்படி ஒரு ரோஷம்!

எனக்குத் தெரிஞ்சு எங்க பாத்ரூம் செவுத்துக்கு அந்தப் பக்கம் அவங்க துணி காயப்போடுற வெட்டவெளி. எங்க பாத்ரூம் காத்து அவங்க துணி மேல அடிக்கும்னு உள்ளுக்குள்ள ஒரு சந்தோஷம் வேற.

சாப்பாட்டுத் தட்ட செவுத்துல வெச்சு பென்சிலால வட்டம் போட்டேன். ஏணி மேல ஏறினேன். தலையில துண்டக் கட்டிக்கிட்டு ட்ரில்ல அழுத்தினேன்.

அரை மணி நேரத்துல கை மரத்துப் போச்சு. ஒரு மணி நேரத்துல ட்ரில் சிக்கிக்கிச்சு. அப்புறம் சுத்தியும் உளியும்தான். தட்டு அளவுக்கு ஆரம்பிச்ச ஓட்டை பலாப்பழம் அளவுக்குப் போயிடுச்சு.

நடுவுல வெள்ளையா ஏதோ சில்லு விழுந்துச்சு. வெளிய அடிச்ச சுண்ணாம்புன்னு நெனச்சேன்.

அந்தப் பக்கத்துலேர்ந்து யாரோ டொக்கு டொக்குன்னு தட்டுனாங்க. எதிரொலின்னு நெனச்சேன்!

கடைசியா ஒரே போடு. கல்லு அந்தப் பக்கம் போயி டமார்னு விழுந்துச்சு.

வெயில் வரும்னு பாத்தேன். நெத்திலி சம்பல் வாசம் வந்துச்சு.

குனிஞ்சு பாத்தா லைட்டு எரியுது. டைல்ஸ் தெரியுது. டைல்ஸுக்கு நடுவுல ஒரு கண்ணு தெரியுது.

"ஐயோ! யார்றா அது?"

லெட்சுமி அக்கா, ஸ்டூல் மேல. கையில கரண்டி.

"நான்தான்க்கா" அப்படின்னேன். ரெண்டு வருஷத்துல அவங்ககிட்ட நான் பேசுன மொத வார்த்தை.

"எங்க கிச்சன்ல என்னடா பண்ற?"

"நான் எங்க பாத்ரூம்லதான்க்கா இருக்கேன்."

அப்பத்தான் வெளங்குச்சு. அவங்க தனியா செவுரே எழுப்பல. எங்க செவுத்துலயே கூரைய ஏத்தி, எங்க செவுத்துலயே டைல்ஸ் ஒட்டியிருக்காங்க! எனக்குக் கோவம் பொத்துக்கிட்டு வந்துச்சு. ஏணி மேல நின்னுக்கிட்டே கத்தினேன்.

"யாரக் கேட்டு எங்க செவுத்துல கட்டுனீங்க?"

குணா அண்ணன் மூஞ்சி ஓட்டையில வந்துச்சு. "கான்ட்ராக்டர்தான் ஒங்க செவுத்துலயே தும்பாங் பண்ணி ஒட்டிக்கலாம், தனி செவுரு வேணாம்னான். ஒன்னக் கேக்கலாம்னா, நீதான் என்னைப் பாத்தா மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போறியே லா! பேசியிருந்தா கேட்டிருப்பேன்."

சத்தம் கேட்டு கமலா ஓடி வந்தா. சரி, இவ நறுக்குன்னு நாலு வார்த்த கேப்பான்னு ஏணிய விட்டு எறங்கி எடம் விட்டேன்.

மேல ஏறினா. ஓட்டையில தலைய விட்டா. அந்தக் கிச்சன இப்பிடியும் அப்பிடியும் பாத்தா.

"அக்கா, டைல்ஸ் அழகா இருக்கே, எங்க வாங்குனீங்க?"

நான் செத்தேன்.

"சம்பல்ல மண்ணு விழுந்துடுச்சாக்கா?"

"முழுக்க லா, கமலா! கல்லு நல்லவேளை சிங்க்குல விழுந்துச்சு."

"இவரு இப்படித்தான்க்கா. சொன்னா கேக்க மாட்டாரு."

"எங்க வீட்டுக்காரரு மட்டும் என்னவாம்? வீட்டுல ஒரு குழாய் சொட்டுனா..."

அந்தப் பக்கம் குணா அண்ணன் காலடிச் சத்தம் மெதுவா தூரமாப் போச்சு.

அப்புறம் நான் தொடப்பத்த எடுத்துக்கிட்டு, ரெண்டு வருஷமா மிதிக்காத வாசப்படிய மிதிச்சு, லெட்சுமி அக்கா கிச்சனக் கூட்டிக் குடுத்தேன். வெக்கமா இருந்துச்சு. குணா அண்ணன் முறத்தப் புடிச்சாரு.

ஞாயித்துக்கிழமை மச்சான் வந்தாரு. ஓட்டையப் பாத்தாரு. என்னைப் பாத்தாரு.

"காத்து எங்க மாப்ள?"

செவுத்த அடைச்சாரு. சீலிங் வழியா பைப்ப விட்டு, ஃபேன மாட்டி, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடி கையக் கழுவிட்டாரு. என் ட்ரில்லக்கூட தொடல.

இப்ப கமலாவும் லெட்சுமி அக்காவும் தெனமும் கேட்டு வாசல்ல நின்னு ஒரு மணி நேரம் பேசுறாங்க. ரெண்டு குடும்பத்தையும் சேத்து வெச்ச பெருமை எனக்குத்தான், அவங்க பேசுறதும் பூரா என்னைப் பத்தித்தான்.