தொட்டிலுக்கு ஈயத் தகடு கட்டியவன் எழுதுவது

கவரப்பேட்டை,
செவ்வாய்க்கிழமை.

மரியாதைக்குரிய சம்பந்தி அன்புசெல்வன் அவர்களுக்கும் சம்பந்தியம்மாவுக்கும், இம்மானுவேல் தலைகுனிந்து எழுதிக்கொள்வது. இங்கே நானும் ஆரோக்கியமேரியும் சுகம். பொதட்டூர்பேட்டையில் நீங்களும் மருமகள் மெர்சியும் நம் பேத்தி ஹெலனும் சுகமாயிருக்க ஆண்டவரை மன்றாடுகிறோம். கரும்பு வெட்டு முடிந்ததா, உங்கள் முட்டிவலி தேவலையா என்று விசாரிக்கும் யோக்கியதை எனக்கு இப்போது இல்லை, இருந்தாலும் விசாரித்து வைக்கிறேன். குழந்தையைத் திருப்பி அனுப்புங்கள் என்று கேட்க இதை எழுதவில்லை. மன்னிப்புக் கேட்க மட்டுமே எழுதுகிறேன். மெர்சி எத்தனை நாள் வேண்டுமானாலும் அங்கேயே இருக்கட்டும்.

நடந்ததை அவள் சொல்லியிருப்பாள். நல்ல பெண், பாதியை மறைத்திருப்பாள். அந்தப் பாதியை நானே சொல்லிவிடுகிறேன். ஞானஸ்நானத்துக்கு நீங்கள் ஆசையாக ஒரு கருவி வாங்கி வந்தீர்கள் அல்லவா, மாடியில் குழந்தை அழுதால் கீழே தையல் மெஷினில் இருக்கும் தாய்க்குக் கேட்கும்படி, ஒன்று தொட்டில் பக்கத்தில், இன்னொன்று மெர்சி பக்கத்தில்? எல்லோரும் அதைக் கையில் வாங்கிப் பார்த்து மெச்சினார்கள், நான் ஒருவன்தான் கூட வந்த சிறுபுத்தகத்தைப் படித்தேன். கடைசிப் பக்கத்தில் ரேடியேஷன் என்று தடித்த எழுத்தில் தலைப்பு, கருவியை உடம்பிலிருந்து தள்ளி வைக்கவும் என்று கீழே ஒரு வரி. என் தொழில் உங்களுக்குத் தெரியும். கும்மிடிப்பூண்டியில் வெல்டிங் வைத்த குழாய்களைக் காமாக் கதிரில் படம் எடுக்கும் கான்ட்ராக்டரிடம் இருபத்திரண்டு வருஷம் ஹெல்பர். படம் எடுக்கும்முன் சுற்றிலும் கயிறு கட்டுவது, விசில் ஊதி ஆட்களை விரட்டுவது, இதுதான் என் வேலை. நேரம், தூரம், ஈயம், இந்த மூன்றும்தான் உயிரைக் காக்கும் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அந்தத் தலைப்பைப் பார்த்ததும் எனக்கு அந்தக் கயிறும் விசிலும்தான் ஞாபகம் வந்தது சம்பந்தி, நீங்கள் கொடுத்த பொருளைச் சந்தேகப்படுகிறோமே என்ற வெட்கம்கூட வரவில்லை.

மறுநாளே தொட்டிலைச் சுற்றி மூன்று மீட்டர் அளந்து சிவப்புக் கயிறு கட்டினேன். பால் கொடுக்க மெர்சி வரும்போதெல்லாம் கருவியை அணைத்து, 'ஏரியா கிளியர்' என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே விட்டேன். ஆரோக்கியமேரி வாசலில் நின்று, "இன்னாயா, ஊடா இது பிளான்ட்டா?" என்று கேட்டாள். கயிற்றை இன்னும் இறுக்கிக் கட்டினேன். தேர்வாய் கண்டிகையில் ஷிப்ட் முடிந்து வந்த என் மகன் லோகு கயிறு தடுக்கி விழுந்தான், அவனிடமும் நான் அசையவில்லை. ஆனால் கருவியைத் தொட்டிலிலிருந்து மூன்று மீட்டர் தள்ளலாமென்றால் அதற்குள் சுவர் வந்துவிடுகிறது, சுவருக்கு அந்தப்பக்கம் வைக்க இடமில்லை. ஆகவே மூன்றாவது வழிக்குப் போனேன். காயலான் கடையில் சொல்லிவைத்து ஈயத் தகடு வாங்கி, அரிசிப் பையில் போட்டு பஸ்ஸில் தூக்கி வந்தேன், பையில் கல்லா என்று கண்டக்டர் கேட்டார். ஒரு துண்டை மடக்கிக் கருவியைச் சுற்றினேன், மிச்சத்தைப் பழைய பெட்ஷீட்டில் பொதிந்து தொட்டில் கம்பியில் கட்டினேன். பார்க்க அழகாகக்கூட இருந்தது.

தகடு தன் வேலையைச் சரியாகச் செய்தது. அலை வெளியே போகவில்லை, குழந்தையின் சத்தமும் போகவில்லை. கீழே மெர்சியின் கருவி பீப் பீப் என்று கத்த ஆரம்பித்தது. ஜோடி கிடைக்கவில்லை என்பதற்கான சத்தம் அது, புத்தகத்தில் படித்திருக்கிறேன். அவள் கேட்டபோது பேட்டரி இறங்கியிருக்கும் என்று பொய் சொன்னேன். தெரிந்தே சொன்னேன் சம்பந்தி. சொல்லிவிட்டு மெயின் ரோட்டுக்குப் பால் பாக்கெட் வாங்கப் போய்விட்டேன். ஆரோக்கியமேரியும் ஜெபக் கூட்டத்துக்குப் போயிருந்தாள். திரும்பி மாடியேறினால் குழந்தை அழுது அழுது தொண்டை கட்டிப்போய், கையில் பெட்ஷீட்டை இழுத்து வைத்துக்கொண்டு தகட்டின் ஓரத்தை ஈறால் கடித்துக்கொண்டிருந்தது, பால் கொடுக்கும் நேரமென்று எனக்கு முன்னால் வந்துவிட்டிருந்த மெர்சி அதைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"மாமா, அவ அழுவுறது எனக்குக் கேக்கவே இல்ல" என்றாள். அவ்வளவுதான்.

திருவள்ளூரில் டாக்டரம்மாவிடம் ஓடினோம். ரத்தம் எடுத்து சென்னைக்கு அனுப்பினார்கள், நாலு நாளில் தெரியும் என்றார்கள். அந்தக் கருவியிலிருந்து வருவது பலவீனமான ரேடியோ அலை, காமாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, தொட்டிலிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி வைத்தால் தாராளமாகப் போதும் என்று டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். பிறகு, "ஈயம்தாங்க விஷம். அத நீங்கதான் ஊட்டுக்குள்ள கொண்டாந்துக்கிறீங்க" என்றார். சொல்லிவிட்டு என் சட்டைப்பையைப் பார்த்தார். அதில் செல்போன் இருந்தது. பொழுதுக்கும் ஹெலனைத் தோளில் சாய்த்துத் தூங்க வைப்பேனே, அவள் தலை படுகிற அதே பை. எத்தனை வருஷம் பாதுகாப்பு வேலையில் இருந்தீர்கள் என்று கேட்டார். லோகுதான் சொன்னான், இருபத்திரண்டு என்று.

ரிசல்ட்டில் பயப்பட ஒன்றுமில்லை என்று வந்த அன்றைக்குத்தான் மெர்சி பெட்டியைக் கட்டினாள், அதுவரை அவள் அழக்கூட இல்லை. நான் மெயின் கேட் வரை வந்தேன், குழந்தையைக் கொடு என்று கை நீட்டத் தைரியம் வரவில்லை. தகட்டைக் காயலான் கடையிலேயே திருப்பிப் போட்டுவிட்டேன், கயிற்றை அவிழ்த்துவிட்டேன், தொட்டிலை சோப்பு போட்டு மூன்று முறை கழுவிவிட்டேன். நான் செய்தது பாசம் என்று ஆரோக்கியமேரி ஆறுதல் சொல்கிறாள். பாசம்தான், ஆனால் மூளையில்லாத பாசம். உங்கள் பெண்ணிடம் பொய் சொன்னதற்கு அந்தப் பெயரும் பொருந்தாது. பெரிய மனசு பண்ணி மன்னிக்கவும்.

உங்கள் வீட்டாரையும் ஆடுமாடுகளையும் ஆண்டவர் தம் கண்ணிமைபோல் காக்கட்டும். சம்பந்தியம்மாவுக்கு ஆரோக்கியமேரி ஸ்தோத்திரம் சொல்லச் சொன்னாள். ஹெலனுக்கு என் சார்பில் ஒரு முத்தம், நீங்களே கொடுத்துவிடவும்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி,
இம்மானுவேல்

பின்குறிப்பு: கிளம்பின அவசரத்தில் தொட்டில் பக்கத்துக் கருவி மட்டும் மெர்சியின் பையோடு அங்கே வந்துவிட்டது. அவள் பக்கத்துக் கருவி இங்கேயே இருக்கிறது. ஜோடி கிடைக்காமல் நாள் முழுக்க பீப் பீப் என்கிறது. பொதட்டூர்பேட்டை வரை அதற்கு எட்டாது என்று எனக்குத் தெரியும். அணைத்துத் தொலை என்று ஆரோக்கியமேரி சொல்கிறாள், நான் சார்ஜ் போட்டுக்கொண்டே இருக்கிறேன். இதை எழுதும்போது சட்டைப்பையில் இருக்கிறது, படுக்கும்போது தலையணைமேல், காதோடு காதாக. தூரம் அளக்கவில்லை. மேலே முதல் பாராவில், எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கட்டும் என்று ஒரு வரி எழுதியிருக்கிறேன். அதை மட்டும் அடித்துவிட்டு மெர்சியிடம் படித்துக் காட்டவும்.